காய்ச்சினாலும் அழியாத நஞ்சு: பாலும் மாட்டு மடியும் நாமும்

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறிய இலட்சக்கணக்கானவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. மழையில் நனைந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்து, மீசாலையில் தெரிந்தவர் ஒருவரின் வளவில் ஒதுங்கினோம். அந்த வளவுக்குள் ஆறு குடும்பங்கள் இருந்தன. அடுப்பு இரண்டு. வீட்டுக்கார அக்காவிடம் கன்று போட்டுச் சில வாரங்களேயான மாடு ஒன்று இருந்தது. அதன் பாலை அவர் விற்கவில்லை. இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளுக்கு என்று பங்கிட்டுக் கொடுத்தார்.

ஒருநாள் காலையில் கறந்த பால் எங்கள் பங்காகச் செம்பில் வந்தது. விறகெல்லாம் மழையில் ஈரம். அடுப்புக்கு எங்கள் முறை வந்தபோது பின்னேரம் நான்கு மணி. அம்மா பாலைப் பொங்கப் பொங்க நன்றாகக் காய்ச்சித்தான் தந்தார். மூன்று பிள்ளைகளும் குடித்தோம். பெரியவர்கள் வெறுந்தேநீர் குடித்தார்கள். இரவு ஏழு மணிக்குள் மூவருக்கும் ஒருவர்பின் ஒருவராக வாந்தி. வயிற்றைப் பிசைந்தது, கைகால் குளிர்ந்தது. காய்ச்சல் இல்லை. வளவு முழுவதும் வாந்திபேதி வந்துவிட்டது என்று பயந்தது. அடுத்த நாள் மதியத்துக்குள் மூவரும் எழுந்து விளையாடத் தொடங்கிவிட்டோம்.

"காய்ச்சின பால்தானே குடுத்தனான், அது என்னெண்டு செய்யும்?" என்று அம்மா பல வருடங்கள் கேட்டுக்கொண்டே இருந்தார். பிற்காலத்தில் நுண்ணுயிரியல் படித்தபோதுதான் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் கிடைத்தது. அன்றைய பாலை இன்று எவரும் பரிசோதிக்க முடியாது. ஆனால் பால் குடித்தவர்களுக்கு மட்டும் வந்தது, மூன்று மணிநேரத்துக்குள் வந்தது, காய்ச்சல் இல்லாமல் வந்தது, ஒரு நாளில் போய்விட்டது என்ற நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பெயர்தான் முன்னுக்கு வருகிறது. அது ஸ்ரபிலோகொக்கஸ் ஓறியஸ் என்ற பற்றீரியா விட்டுச்செல்லும் குடல்நச்சு.

கிருமி வேறு, நஞ்சு வேறு

கெட்ட உணவால் வரும் நோய்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் வருகின்றன. முதலாவது தொற்று. உயிருள்ள கிருமி வயிற்றுக்குள் போய், அங்கே பெருகி, நோயைத் தருகிறது. சல்மொனெல்லா அப்படிப்பட்டது. கிருமி பெருக நேரம் வேண்டும் என்பதால் நோய் தெரியப் பல மணிநேரமோ சில நாட்களோ ஆகும். காய்ச்சலும் வரும்.

இரண்டாவது நஞ்சேற்றம். இங்கே கிருமி உணவிலேயே பெருகி, உணவுக்குள்ளேயே நஞ்சைச் சுரந்துவிடுகிறது. நாம் சாப்பிடுவது ஏற்கெனவே தயாராக இருக்கும் நஞ்சை. அதனால் அரை மணிநேரத்திலிருந்து எட்டு மணிநேரத்துக்குள் வாந்தி தொடங்கிவிடும். சாப்பிடும் நேரத்தில் கிருமி உயிரோடு இருக்கவேண்டும் என்றுகூட இல்லை.

நாம் தடக்கி விழுகிற இடம் இதுதான். காய்ச்சினால் கிருமி சாகும் என்பது உண்மை. ஸ்ரபிலோகொக்கஸ் கிருமியும் காய்ச்சும்போது செத்துவிடும். ஆனால் அது சுரந்த நச்சு ஒரு சிறிய, இறுக்கமாக மடிந்த புரதம். 100 பாகை செல்சியஸ் கொதிநிலையைப் பல நிமிடங்கள் தாங்கும். வயிற்று அமிலமும் குடலின் நொதியங்களும்கூட அதை இலகுவில் உடைக்க முடிவதில்லை. அது குடலில் உள்ள நரம்புகளைத் தூண்ட, அந்தச் செய்தி மூளையின் வாந்தி மையத்துக்குப் போகிறது. உடல் தன்னிடம் உள்ள ஒரே வழியில் அதை வெளியே தள்ளப் பார்க்கிறது.

எவ்வளவு நச்சு வேண்டும்? ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவு. ஒரு கிராமைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு அது. ஒரு மில்லிலீற்றர் பாலில் கிருமிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரு இலட்சத்தைத் தாண்டும்போது இந்த அளவு நச்சு சேரத் தொடங்கும். அதுவரை பாலின் நிறமோ மணமோ சுவையோ மாறாது. திரையவும் மாட்டாது.

எங்கள் செம்புப் பாலுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மில்லிலீற்றரில் ஆயிரம் கிருமிகள் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். நம்மூர் வெக்கையில் அரை மணிநேரத்துக்கு ஒருமுறை அவை இரட்டிக்கின்றன என்றால் மூன்றரை மணிநேரத்தில் 128,000 ஆகிவிடும். கறந்த பாலில் தொடக்கத்தில் சிறிது தாமதம் இருக்கும் என்றாலும், காலையிலிருந்து பின்னேரம் நான்கு மணிவரை அந்தப் பால் வெளியில் இருந்தது. அம்மா காய்ச்சியபோது கிருமி செத்திருக்கும். நச்சு அப்படியே இருந்திருக்கும்.

பிலிப்பைன்ஸில் ஒரு பசு

இதை முதலில் தெளிவாகக் காட்டியவர் எம். ஏ. பார்பர் என்ற ஆய்வாளர். அவர் தன் கண்டுபிடிப்பை 1914இல் பிலிப்பைன்ஸ் நாட்டு அறிவியல் இதழில் எழுதினார். அங்கே ஒரு பண்ணைக்குப் போய்ப் பாலாடை சேர்த்துக் குடிக்கும்போதெல்லாம் அவருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தது. கறந்த உடனே குடித்த பால் ஒன்றும் செய்யவில்லை. அதே பாலைச் சில மணிநேரம் வெளியில் வைத்துக் குடித்தால் நோய் வந்தது. தன்னையே சோதனைப் பொருளாக்கித் திரும்பத் திரும்பக் குடித்துப் பார்த்து, காரணம் ஒரு பசுவின் மடியிலிருந்து வந்த ஸ்ரபிலோகொக்கஸ் என்பதைக் கண்டுபிடித்தார்.

அவருடைய கட்டுரைத் தலைப்பிலேயே ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. அந்தப் பசு வெளிப்பார்வைக்கு ஆரோக்கியமாக இருந்தது. மடி வீங்கவில்லை, பால் கெடவில்லை. ஆனாலும் கிருமி உள்ளே இருந்தது.

யப்பானில் மூன்று மணிநேர மின்தடை

இது வசதியில்லாதவர்களின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2000ஆம் ஆண்டு ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் யப்பானின் ஒசாகா பகுதியில் ஸ்னோ பிராண்ட் நிறுவனத்தின் பாலைக் குடித்த 13,000இற்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். ஒசாகா ஆலையில் தொடங்கிய விசாரணை, வடக்கே ஹொக்கைடோ தீவில் உள்ள தைகி என்ற ஊரின் ஆலையில் போய் முடிந்தது. அந்த ஆலையில் மார்ச் 31ஆம் திகதி ஏறத்தாழ மூன்று மணிநேரம் மின்சாரம் நின்றிருந்தது. அந்த இடைவெளியில் பால் குளிரூட்டப்படாமல் இளஞ்சூட்டில் கிடந்தது. பின்னர் அது கொழுப்பு நீக்கிய பால்மாவாக்கப்பட்டு, ஒசாகாவில் பாலில் கலக்கப்பட்டது.

அந்தப் பால் 130 பாகையில் சில செக்கன்கள் சூடாக்கப்பட்டிருந்தது. கிருமி ஒன்றுகூட உயிரோடு இல்லை. நச்சு மட்டும் மாதக்கணக்காக மாவுக்குள் இருந்து, கரைத்ததும் மீண்டும் வேலை செய்தது. நோயுற்ற ஒருவரின் வயிற்றுக்குள் போன அளவு 20 முதல் 100 நனோகிராம் வரை இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். ஒரு மைக்ரோகிராமில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ.

மூன்று மணிநேர மின்தடை என்று வாசிக்கும்போது நமக்குச் சிரிப்பு வரலாம். தொண்ணூறுகளின் முதற்பாதி முழுவதும் குடாநாட்டுக்குத் தேசிய மின்வலையிலிருந்து மின்சாரம் வரவில்லை. பிறிட்ஜ் வைத்திருந்தவர்கள் அதற்குள் புத்தகம் அடுக்கி வைத்தார்கள். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு இருந்தது. மின்சாரம் நிற்கும்போது குளிர் நிற்கிறது, குளிர் நிற்கும்போது கிருமி பெருகுகிறது. மின்சாரம் திரும்பி வந்து பாலைக் குளிர வைத்தாலும், அந்த இடைவெளியில் சுரந்த நச்சு திரும்பிப் போவதில்லை.

மடிக்குள் என்ன நடக்கிறது

ஸ்ரபிலோகொக்கஸ் ஓறியஸ் நம்மிடமும் இருக்கிறது. சுகதேகிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் மூக்குக்குள் அது குடியிருக்கும். விரலில் சீழ்ப் புண் இருந்தால் அங்கே பெருந்தொகையாக இருக்கும். கறப்பவரின் கையிலிருந்து மாட்டுக்கும், ஒரு மாட்டிலிருந்து கறப்பவரின் கைவழியாக இன்னொரு மாட்டுக்கும் போகும். முலைக்காம்புத் துளை வழியாக மடிக்குள் ஏறினால் மடியழற்சி உண்டாகும்.

மாட்டின் மடியில் நான்கு அறைகள். ஒவ்வொரு காம்புக்கும் ஒரு தனி அறை. ஒன்றின் பால் மற்றதற்குள் போகாது. அதனால் ஒரு அறை நோயுற்று மற்ற மூன்றும் நல்ல பால் தரலாம். கல்லுப்போல இறுகிய, சூடான அறை, பாலில் கட்டி, மஞ்சள் நீர், இரத்தம் என்பவை கண்ணுக்குத் தெரியும் அறிகுறிகள். ஆனால் அதிகமான மடியழற்சி கண்ணுக்குத் தெரியாதது. பால் கொஞ்சம் குறையும். வெக்கைக்குத்தான் குறைகிறது என்று நினைத்துக்கொள்வோம்.

ஸ்ரபிலோகொக்கஸ் சுரக்கும் வேறு சில நச்சுகள் மடியின் பாற்சுரப்பிக் கலங்களையே அழிக்கும். அழிந்த இடத்தில் தழும்பு கட்டும். கிருமி அந்தத் தழும்புக்குள் மறைந்துகொண்டால் மருந்தும் போய்ச் சேராது. சிகிச்சை முடிந்து சில கிழமைகளில் நோய் திரும்பி வருவது இதனால்தான்.

ஈ.கோலை என்ற சாணத்துக் கிருமி மடிக்குள் போனால் கதை வேறு. அது நச்சைச் சுரந்து வெளியே விடுவதில்லை. அதன் உடற்சுவரே நச்சு. கிருமி சாகும்போது சுவர் உடைந்து அந்த உள்நச்சு மாட்டின் இரத்தத்தில் கலக்கிறது. காலையில் நன்றாக நின்ற மாடு பின்னேரம் காது குளிர்ந்து, தீன் தின்னாமல், மடியிலிருந்து தண்ணீர்போன்ற பாலோடு விழுந்து கிடக்கும். நாளைக்குப் பார்ப்போம் என்று விடக்கூடாத நோய் இது. அன்றே கால்நடை வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

போருக்குப் பின் வடக்கில் கணவனை இழந்த எத்தனையோ பெண்களுக்கு வாழ்வாதார உதவியாகக் கிடைத்தது ஒரு மாடு. அந்த ஒரு மாட்டில் ஒரு காம்பு கெட்டால் வருமானத்தில் கால்வாசி போகிறது. பாலை ஊற்றிவிடுங்கள் என்று மேடையில் நின்று சொல்வது இலகு. பள்ளிக்கூடக் காசும் கடன் தவணையும் அந்தப் பாலில்தான் இருக்கிறது என்பவர், ஒரு காம்பின் பாலை மற்ற மூன்றோடு கலந்து ஊற்றினால் அவரைக் குற்றவாளியாக்க எனக்கு மனம் வராது. ஆனால் சேகரிப்பு நிலையத்தின் பெரிய கலனில் அது எல்லாருடைய பாலோடும் கலக்கிறது. அதனால்தான் நோயை முந்திக் கண்டுபிடிப்பது அவருக்கே இலாபம். ஆரம்பத்தில் பிடித்தால் அறையைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.

சவர்க்காரத் தூளில் ஒரு சோதனை

1957இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஷால்ம், நூர்லாண்டர் என்ற இருவர் எளிய சோதனை ஒன்றை அறிமுகப்படுத்தினார்கள். இன்றும் கால்நடை வைத்தியர்கள் நான்கு குழிகள் உள்ள ஒரு பிளாஸ்ரிக் தட்டில் அதைச் செய்கிறார்கள். மடியில் அழற்சி இருந்தால் பாலில் வெண்குருதிக் கலங்கள் பெருகும். சவர்க்காரம் போன்ற ஒரு திரவத்தைச் சேர்க்கும்போது அந்தக் கலங்கள் உடைந்து, உள்ளே இருக்கும் டி.என்.ஏ. இழைகள் வெளிவந்து, பால் வழுவழுப்பாகத் தடிக்கும்.

அந்தத் திரவம் கிடைக்காத இடங்களுக்காக, பாகிஸ்தானின் கால்நடை ஆய்வாளர்கள் உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத் தூளை வைத்து இதையே செய்து காட்டினார்கள். அரை லீற்றர் தண்ணீரில் 15 கிராம், அதாவது ஏறத்தாழ மூன்று தேக்கரண்டி தூளைக் கரைக்கவேண்டும். ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு மூன்று பீச்சலை விட்டுவிட்டு, கொஞ்சப் பாலைத் தனித்தனிக் கோப்பையில் எடுக்கவேண்டும். அதே அளவு சவர்க்காரக் கரைசலை ஊற்றி ஒரு நிமிடம் மெதுவாகச் சுழற்றவேண்டும். தண்ணீராகவே ஓடினால் நல்லது. முட்டை வெள்ளைக்கருபோல இழுபட்டால் அந்த அறையில் அழற்சி இருக்கிறது. கன்று போட்ட முதல் நாட்களிலும், பால் வற்றும் காலத்திலும் நோயில்லாமலே தடிக்கும் என்பதை நினைவில் வைத்திருங்கள். சோதித்த பாலை மனிதருக்கோ விலங்குக்கோ கொடுக்காமல் கொட்டில் தரைக்கு வெளியே ஊற்றிவிடுங்கள்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரம் இல்லாமல் பனங்காயைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தவர்கள் நாம். இன்று ஒரு கிழமைக்கு ஒரு பைக்கற்றின் சிறு பங்கு போதும், மடியைச் சோதித்துவிடலாம்.

இந்தச் சோதனை நச்சைக் காட்டாது, எந்தக் கிருமி என்றும் சொல்லாது. வைத்தியரை அழைக்கவேண்டிய நேரத்தை மட்டும் சொல்லும்.

ஆய்வுகூடம் எப்படிக் கண்டுபிடிக்கிறது

பால் சேகரிப்பு நிலையத்தில் பால்மானி போடுகிறார்கள். அது பாலின் அடர்த்தியை அளந்து, தண்ணீர் கலந்ததா என்று காட்டும். அற்ககோல் சோதனையும் காய்ச்சிப் பார்ப்பதும் பால் புளித்து, சூட்டில் திரையும் நிலைக்கு வந்துவிட்டதா என்று காட்டும். மெதிலீன் நீலச் சோதனை கிருமி அதிகமா என்று சொல்லும். இவற்றில் ஒன்றுகூட நச்சைக் காட்டாது.

நச்சைத் தேட மூன்று நிலைகள் இருக்கின்றன. முதலாவது, கிருமியை வளர்த்து எண்ணுவது. காய்ச்சிய உணவில் கிருமி செத்திருக்கும் என்பதால் எண்ணிக்கை பூச்சியமாக வந்தாலும் நச்சு இருக்கலாம். இரண்டாவது, நச்சை உண்டாக்கும் மரபணுவைத் தேடுவது. பி.சி.ஆர். முறை இதைத்தான் செய்கிறது. மரபணு இருப்பதற்கு, அந்தக் கிருமியால் நச்சை உண்டாக்க முடியும் என்பதே பொருள். உண்டாக்கியதா என்பது வேறு கேள்வி. வீட்டில் கத்தி இருக்கிறது என்பதற்காகக் கொலை நடந்தது என்று சொல்லமுடியாது அல்லவா.

மூன்றாவது, நச்சையே பிடிப்பது. நச்சுப் புரதத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் பிறபொருளெதிரிகளைத் தட்டில் பூசி, உணவுச் சாற்றை ஊற்றி, நச்சு ஒட்டியிருந்தால் நிறம் மாறும்படி செய்வார்கள். எலைசா என்று சொல்வது இதைத்தான். இது வருவதற்கு முன் பூனைக்குட்டிக்கும் குரங்குக்கும் கொடுத்து வாந்தி வருகிறதா என்று பார்த்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, பாற்கட்டியிலோ பால்மாவிலோ ஒரு கிராமுக்கு ஒரு இலட்சத்துக்கு மேல் இந்த வகைக் கிருமி இருந்தால், அந்தத் தொகுதியை நச்சுக்காகவும் சோதிக்கவேண்டும். 25 கிராமில் நச்சு தென்படவே கூடாது.

நம்மிடம் பெரும்பாலும் இந்தக் கட்டம்வரை எதுவும் போவதில்லை. காரணம் கருவி மட்டுமல்ல. ஒரு வீட்டுக் கொண்டாட்டத்திலோ அன்னதானத்திலோ பலருக்கு வாந்தி வந்தால், வெட்கத்திலும் பயத்திலும் மிஞ்சிய உணவை முதலில் கிடங்கு வெட்டிப் புதைத்துவிடுகிறோம். கொழும்பின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. கால்நடைகளுக்கான ஆராய்ச்சி நிறுவகம் பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போகும் மாதிரியைக் குளிரில் வைத்து, எடுத்த நேரத்தை எழுதி அனுப்பினால்தான் பயன்.

உணவு நஞ்சாதல் இலங்கையில் சட்டப்படி அறிவிக்கவேண்டிய நோய். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொன்னால் கடையை மூடுவார்கள், வழக்குப் போடுவார்கள் என்ற பயம் எல்லாரிடமும் இருக்கிறது. ஆனால் சொல்லாவிட்டால் அதே தவறு அடுத்த வீட்டில் நடக்கும்.

2013இன் பால்மாப் பயம்

2013 ஓகஸ்டில் வந்த பயத்தைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். நியூசிலாந்தின் பொன்ரெரா நிறுவனம் தான் தயாரித்த 38 தொன் மோர்ப்புரதச் செறிவில் கிளொஸ்ரிடியம் பொட்டுலினம் இருக்கலாம் என்று அறிவித்தது. அது மிகக் கொடிய நரம்பு நச்சைச் சுரக்கும் பற்றீரியா. பல நாடுகளில் குழந்தைப் பால்மாக்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்த மாதம் முடிவதற்குள் மேலதிக சோதனைகள், அது கிளொஸ்ரிடியம் ஸ்போரொஜினஸ் என்ற, அந்த நச்சைச் சுரக்காத உறவுக்காரக் கிருமி என்று காட்டின. கிருமியைப் பார்த்து நச்சு என்று முடிவெடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது பெரிய உதாரணம்.

அதே மாதத்தில் இலங்கையிலும் அந்த நிறுவனத்தின் பால்மாவுக்குத் தடை வந்தது. அதற்கான காரணம் டி.சி.டி. என்ற இரசாயனம் பற்றிய சர்ச்சை. அது நியூசிலாந்தில் புல்வெளிக்குத் தூவப்பட்ட பொருள், பற்றீரியா நச்சு அல்ல. ஊரிலே இரண்டும் ஒன்றாகி "பால்மாவிலை நஞ்சு" என்று ஒரே பேச்சாகிவிட்டது. எந்த நஞ்சு, எங்கிருந்து வந்தது, எதைச் சோதித்தார்கள் என்று மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகினால் பாதிப் பயம் தானாகக் குறையும். மிச்சப் பாதிக்கு என்ன செய்யவேண்டும் என்றும் தெரியும்.

எல்லா நஞ்சும் ஒன்றல்ல

பொட்டுலினம் நச்சு உயிரைக் கொல்லக்கூடியது. ஆனால் 85 பாகைக்கு மேல் ஐந்து நிமிடம் சூடாக்கினால் அது அழிந்துவிடும். வாந்தியோடு போய்விடும் ஸ்ரபிலோகொக்கஸ் நச்சு கொதிப்பைத் தாங்குகிறது. கொடுமைக்கும் சூட்டைத் தாங்கும் வலுவுக்கும் தொடர்பில்லை.

சோற்றில் வளரும் பசிலஸ் சீரியஸ் சுரக்கும் வாந்தி நச்சு இன்னும் உறுதியானது. 121 பாகையில் ஒன்றரை மணிநேரம் வைத்தாலும் அழியாது. பெரிய கிடாரத்தில் மிஞ்சிய சோற்றை மூடி இரவு முழுவதும் இளஞ்சூட்டில் விட்டு, காலையில் வறுத்துக் கொடுப்பது அதனால்தான் ஆபத்து.

பெரிய சட்டியில் ஆறவிட்ட ஆட்டிறைச்சிக் கறியில் வளர்வது கிளொஸ்ரிடியம் பெர்பிரிஞ்சன்ஸ். அதன் வித்துகள் சமையலைத் தாங்கி, கறி மெதுவாக ஆறும்போது விழித்துப் பெருகும். நச்சை அது நம் குடலுக்குள் வந்த பின்னர்தான் சுரக்கிறது. அதனால் இங்கே மட்டும், கொதிக்கக் கொதிக்கத் திரும்பச் சூடாக்குவது உண்மையில் காப்பாற்றும்.

இதே பெர்பிரிஞ்சன்ஸின் வேறொரு வகை ஆட்டுக் குடலில் அமைதியாக வாழ்கிறது. ஆடு திடீரென்று அளவுக்கு மிஞ்சித் தானியமோ சோறோ இளம்புல்லோ தின்றால் அது வெறிகொண்டு பெருகி நச்சைச் சுரக்கும். நேற்றுவரை கொழுகொழு என்று நின்ற குட்டி இன்று காலை செத்துக் கிடக்கும். செய்வினை என்று அயலை நோவதற்கு முன், முதல்நாள் அது என்ன தின்றது என்று யோசியுங்கள். இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. ஆட்டுக்குக் காயடித்த காயத்தால் வரும் ஏற்புவலியும் ஒரு பற்றீரியா நச்சுத்தான். செல் காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்கு முதலில் போடும் ஊசி எதற்கென்று நம் தலைமுறைக்குச் சொல்லத் தேவையில்லை.

வீட்டிலே என்ன செய்யலாம்

கறப்பதற்கு முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, மடியைத் துடைத்து உலரவிடுங்கள். கையில் சீழ்ப் புண் இருந்தால் அது ஆறும்வரை வேறொருவர் கறக்கட்டும். சமையலுக்கும் இது பொருந்தும்.

முதல் பீச்சலை ஒரு கறுத்தப் பாத்திரத்தில் விட்டுக் கட்டி இருக்கிறதா என்று பாருங்கள். நோயுள்ள மாட்டைக் கடைசியாகக் கறவுங்கள். கறந்து முடிந்ததும் ஒரு மணிநேரம்போல மாட்டை நிற்க விடுங்கள். தீன் போட்டால் நிற்கும். காம்புத் துளை மூட நேரம் வேண்டும்.

மருந்து போட்ட மாட்டின் பாலை, வைத்தியர் சொன்ன நாட்கள் முடியும்வரை விற்கவோ குடிக்கவோ வேண்டாம். குணமானதுபோலத் தெரிந்தாலும் மருந்தை இடையில் நிறுத்தவேண்டாம்.

பாலை உடனே காய்ச்சுங்கள். காய்ச்சிய பாலை உடனே ஆறவிடுங்கள். பிறிட்ஜ் இல்லாவிட்டால் கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய அகலப் பாத்திரத்தில் பால்சட்டியை வைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டிருங்கள். வெளியில் இரண்டு மணிநேரத்துக்கு மேல் இருந்த பாலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டாம். மின்வெட்டு நேரத்தில் பிறிட்ஜைத் திறக்காமல் விடுங்கள். உறை ஊற்றித் தயிராக்குவது நல்ல வழிதான், அமிலம் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும். ஆனால் நாள் முழுவதும் வெளியில் கிடந்த பாலைத் தயிராக்கினாலும் அதில் ஏற்கெனவே இருக்கும் நச்சு போகாது.

வாந்தி வந்துவிட்டால் ஜீவனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். உணவிலேயே உண்டான நச்சுக்கு அன்டிபயோட்டிக் வேலை செய்யாது. கைக்குழந்தை, கர்ப்பிணி, வயோதிபர் என்றாலும், சலம் போவது குறைந்தாலும், இரத்தம் போனாலும், கண் இமை தொங்கினாலும், பேச்சு அல்லது விழுங்குதல் தடுமாறினாலும் வைத்தியசாலைக்குப் போங்கள். மிஞ்சிய உணவில் ஒரு சிறு பங்கை மூடிக் குளிரில் வைத்து, சாப்பிட்ட நேரத்தையும் நோய் தொடங்கிய நேரத்தையும் ஒரு துண்டில் எழுதிவைத்து, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவியுங்கள். அந்த இரண்டு நேரங்களும் ஆய்வுகூடத்துக்குப் போகுமுன்பே வைத்தியருக்கு நிறையச் சொல்லிவிடும்.

இதையெல்லாம் ஒருநாள் அம்மாவிடம் விளக்கினேன். அந்தப் பாலைப் பற்றித்தான் பேசுகிறேன் என்று அவருக்கு உடனே விளங்கியது.

"அப்ப நான் காய்ச்சினது வீணே?" என்று கேட்டார்.

வீணில்லை அம்மா என்றேன். காய்ச்சாமல் தந்திருந்தால் காசநோய்க் கிருமியும் புருசெல்லாவும்கூட வந்திருக்கலாம். நீங்கள் செய்தது சரி, அடுப்பு கிடைத்த நேரம்தான் பிந்திவிட்டது. ஈர விறகுக்கும் ஆறு குடும்பத்துக்கு இரண்டு அடுப்புக்கும் நீங்கள் என்ன செய்வீர்கள் என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அந்த மீசாலை அக்காவின் மாட்டுக்குப் பின்பக்கத்து மடி ஒன்று கல்லுமாதிரி இருந்ததாகவும், கன்று அந்தப் பக்கம் வாய் வைக்காமல் விலகியதாகவும், அதைத் தான் கண்டதாகவும் சொன்னார்.